திருவரங்கத்தில் நேர்கோடும் வளைகோடும்

சென்னை எழும்பூரில் இரவு புறப்படும் மலைக்கோட்டை விரைவு ரயில், விடியற்காலையின் மங்கலான ஒளியில் கொள்ளிடத்தைக் கடந்து ஸ்ரீரங்கத் தீவுக்குள் பிரவேசிக்கும்போது, ஜன்னலோரத்தில் விழித்திருக்கும் பிரயாணியின் கண்ணில் முதலில் படுவது தென்னை மரங்களின் தலைக்குமேல் எழுந்து நிற்கும் ராஜகோபுரம். ஸ்டேஷனை விட்டு நகர்ந்து காவிரிப் பாலத்தின்மீது வண்டி ஏறியதும் படுவது மலைக்கோட்டை. இரண்டு நதிகளுக்கும் இவ்விரண்டு உயரங்களுக்கும் இடையே அமைந்த இந்த க்ஷேத்திரத்தைக் காமிராவில் அடக்க விரும்புகிறவனுக்கு ஏற்படும் சங்கடம் ஒன்றேதான்: பார்க்க வேண்டிய பொருள் மிகப் பெரிது, அதைப் பார்ப்பதற்காகப் பின்வாங்கி நிற்கக் கிடைக்கும் இடமோ மிகச் சிறிது. ஒரு கோபுர வாசலுக்கும் அடுத்த கோபுர வாசலுக்கும் நடுவில் வீடுகளும் பூக்கடைகளும் பந்தல்களும் நெருங்கி நிற்கும் ஊரில், நாலு அடி பின்னால் வைத்தால் யாருடைய திண்ணையிலாவது முதுகு முட்டும்.

என் சகோதரியின் மகன் திருச்சி நகரத்தில் ஒரு ஸ்டூடியோ நடத்திவருகிறான். கல்யாணங்களும் காதுகுத்துகளும் அவனுக்கு ஜீவனம். கோவில்களைப் படம் பிடிப்பது அவனுக்கு ஆசை. அந்த ஆசைக்காகப் பணம் சேர்த்து வைத்திருந்தவன், நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் 'அல்ட்ரா வைட்' லென்ஸ் வாங்குவதா, உலகத்தை உருட்டி ஒரு வட்டத்துக்குள் வைத்துத் தரும் 'ஃபிஷ் ஐ' என்கிற மீன்விழி லென்ஸ் வாங்குவதா என்று தீர்மானிக்க முடியாமல், இரண்டையும் வாடகைக்கு எடுத்து வைத்துக்கொண்டு என்னை அழைத்திருந்தான். "மாமா, ரெண்டுல ஒண்ணுதான் என்னால வாங்க முடியும். நீங்க வந்து கூட நடந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்பது அவனுடைய வேண்டுகோள். கடையிலுள்ள கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்று தீர்மானிக்கக்கூடிய விஷயமல்ல இது என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம். எந்தக் கட்டிடங்களை எடுக்கப் போகிறோமோ அந்தக் கட்டிடங்களின் முன்னாலேயே லென்ஸைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஸ்ரீரங்கத்தைக் காட்டிலும் தகுந்த களம் எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் வேறில்லை.

அவன் எடுத்து வந்தவை நிக்கான் கம்பெனியின் இரண்டு லென்ஸ்கள். ஒன்று, 2007-இல் வெளிவந்து கட்டிடப் படக்காரர்களிடையே பெரும் பிரசித்தி பெற்ற 14-24 மில்லிமீட்டர் லென்ஸ். ஏறக்குறைய ஒரு கிலோ எடை. குறுகிய முனையில் மூலைக்கு மூலை 114 டிகிரிக் கோணத்தைக் காண்பது. மற்றது, 2017-இல் வந்த 8-15 மில்லிமீட்டர் மீன்விழி. எடையில் அதற்குப் பாதி. 8 மில்லிமீட்டரில் 180 டிகிரிகளையும் ஒரு வட்டமாகவும், 15 மில்லிமீட்டரில் ஏறக்குறைய அதே விசாலத்தைச் சட்டம் முழுவதும் நிரப்பியும் தருவது. இரண்டின் முகப்புக் கண்ணாடியும் வெளியே பிதுங்கி நிற்பது. சாதாரண ஃபில்டர் எதையும் அதன்மேல் திருகி மாட்ட வழியில்லை.

இந்த இரண்டு வகைக்கும் உள்ள பேதத்தைப் பலர் கோணத்தின் அளவைக் கொண்டே சொல்லிவிடுகிறார்கள். பேதம் அதைவிட ஆழமானது. நம்மைச் சூழ்ந்திருக்கும் காட்சி ஒரு கோளத்தின் உட்புறம் போன்றது, படமோ தட்டையானது. கமலாப்பழத்தின் தோலைக் கிழிக்காமலும் இழுக்காமலும் மேஜைமேல் தட்டையாக்க எப்படி முடியாதோ, அப்படியே இந்தக் கோளத்தையும் ஏதோ ஒன்றைப் பலி கொடுக்காமல் தட்டையாக்க முடியாது. நேர்கோட்டு லென்ஸ், சுவரும் தூணும் வாசற்படியும் வளையாமல் இருக்க வேண்டும் என்ற ஒரே விரதத்தைக் காப்பாற்றுவதற்காக, ஓரத்தில் இருக்கும் பொருள்களைப் பிடித்து இழுத்து அகலமாக்கிவிடுகிறது. மீன்விழி லென்ஸ், ஓரத்திலுள்ள பொருளின் உருவத்தைக் கூடியவரை குலைக்காமல் வைத்துக்கொண்டு, அதற்கு விலையாகக் கோடுகளை வளைத்துவிடுகிறது. கணக்கில் சொன்னால், முன்னதில் ஒரு புள்ளி நடுவிலிருந்து விலகும் தூரம் கோணத்தின் டான்ஜென்டைப் பொறுத்தது. 90 டிகிரிக்கு டான்ஜென்ட் முடிவிலியாகிவிடுவதால், நேர்கோட்டு லென்ஸ் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் 180 டிகிரியை ஒருபோதும் எட்ட இயலாது. மீன்விழிக்கு அந்தத் தடை இல்லை.

மீன்விழியின் பிறப்பே கட்டிடங்களுக்காக அல்ல என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். நீருக்கடியிலுள்ள மீன் அண்ணாந்து பார்த்தால், ஒளி நீரில் நுழையும்போது முறிந்து விடுவதன் காரணமாக, தலைக்குமேல் ஏறக்குறைய 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் வானம் முழுவதும், கரையிலுள்ள மரங்கள் உட்பட, அடங்கிக் கிடக்கும். அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் உட் 1906-இல் நீர் நிறைத்த பெட்டிக்குள் ஊசித்துளைக் காமிரா ஒன்றை அமைத்து அந்தக் காட்சியைப் படமாக்கிக் காட்டினார். 1924-இல் ராபின் ஹில் என்ற ஆங்கிலேயர், ஆகாயத்திலுள்ள மேகங்கள் அனைத்தையும் ஒரே படத்தில் பதிவு செய்வதற்காகக் கண்ணாடியிலேயே அத்தகைய லென்ஸை வகுத்தார். சாதாரணப் படக்காரன் தன் காமிராவில் மாட்டிக்கொள்ளும்படியான மீன்விழியை நிக்கான் கம்பெனி விற்கத் தொடங்கியது 1962-இல். மேகத்தையும் விண்மீனையும் நோக்கி அண்ணாந்து பார்க்கப் பிறந்த கருவி இது. இந்த வம்ச வரலாற்றை அறிந்துகொண்டால் அதை எங்கே கையாளலாம் என்பது பாதி விளங்கிவிடும்.

முதலில் ராஜகோபுரத்தின் முன்னால் போய் நின்றோம். 13 நிலைகளும் 236 அடி உயரமுமாக இன்று நிற்கும் இந்தக் கோபுரம், விஜயநகர மன்னர் காலத்தில் தொடங்கப்பெற்று அடித்தளத்தோடு நின்றுபோய், ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் மொட்டையாகவே கிடந்து, அஹோபில மடத்தின் 44-ஆவது பட்டம் ஜீயர் சுவாமிகளின் பெருமுயற்சியால் நிர்மாணம் நிறைவேறி, 1987 மார்ச் 25-ஆம் நாள் கும்பாபிஷேகம் கண்டது. இந்த உயரத்தைச் சாய்வின்றிப் படத்தில் நிறுத்துவதற்கு ஒரே விதி உண்டு: காமிராவை அண்ணாத்தாமல் மட்டமாகப் பிடிக்க வேண்டும். அண்ணாத்தினால், இணையாக நிற்க வேண்டிய செங்குத்துக் கோடுகள் மேலே ஒன்றையொன்று நெருங்கி, கோபுரம் பின்னால் சாய்ந்து விழப்போவது போலத் தோன்றும். லென்ஸ் எவ்வளவு அகலமோ அவ்வளவு கொடுமையாகத் தோன்றும். மட்டமாகப் பிடித்தால் எவ்வளவு தூரம் பின்னால் நிற்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். கோபுரத்தின் உயரத்தை 72 மீட்டர் என்று கொண்டு, முழுச்சட்டக் காமிராவை நெடுக்குவாட்டில் பிடித்தால், சாதாரணமான 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 200 மீட்டர் தூரம் வேண்டும். 24-க்கு 96 மீட்டர். 14-க்கு 56 மீட்டர். தெற்கே கடைவீதியில் ஆட்டோக்களுக்கும் யாத்திரிகர் பஸ்களுக்கும் நடுவே இடம் தேடுகிறவனுக்கு 96-க்கும் 56-க்கும் உள்ள வித்தியாசம், படம் கிடைப்பதற்கும் கிடைக்காமற் போவதற்கும் உள்ள வித்தியாசமாகும்.

மட்டமாகப் பிடித்த படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் வெறும் சாலையாகவே போய்விடும் என்பது உண்மை. அதை வெட்டி எறிந்துவிட வேண்டியதுதான். அவ்வாறு வெட்டி வீணாக்க வேண்டாமென்றால், லென்ஸையே சட்டத்துக்கு மேலாக நகர்த்தித் தரும் 'ஷிஃப்ட்' லென்ஸ் உண்டு. கேனான் கம்பெனி 2009-இல் வெளியிட்ட 17 மில்லிமீட்டர் ஷிஃப்ட் லென்ஸை முழுதாக மேலே நகர்த்தினால், 41 மீட்டர் தூரத்திலிருந்தே இந்தக் கோபுரம் கலசம்வரை நேராக நிற்கும். கட்டிடப் படத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அதைவிட உத்தமமான கருவி இல்லை என்று சொல்லத் தயங்கமாட்டேன். ஆனால் கல்யாண மண்டபத்தில் அதற்கு வேலை இல்லை, விலையும் என் மருமகனின் சக்திக்கு மேற்பட்டது.

அதே இடத்தில் மீன்விழியை மாட்டிப் பார்த்தபோது, கோபுரம் முழுவதும் வந்தது, வானமும் வந்தது, எதிரிலிருந்த கடைகளின் பெயர்ப் பலகைகளும், எங்கள் பாதங்களும் வந்தன. லென்ஸின் நடுவைக் கடந்து செல்லும் கோடு எதுவோ அது மட்டும் வளையாது என்பது மீன்விழியின் சட்டம். ஆகவே கோபுரத்தின் நடு அச்சைப் படத்தின் நடுவில் வைத்தபோது அது நேராகவே நின்றது. ஆனால் அதன் இரு விளிம்புகளும், மேலே ஏற ஏறக் குறுகும் அந்த அழகிய சரிவும், பானையின் வயிறுபோலப் புடைத்துவிட்டன. அடித்தளம் முதல் கலசம் வரை ஸ்தபதி அளந்து அளந்து இறக்கிய கோடு அது. அதைப் புடைக்க வைத்துவிட்டு ராஜகோபுரத்தைப் படம் பிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கோபுரத்தின் முகம் தெற்கு நோக்கியது. திருச்சியோ பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரிக்குச் சற்றுக் குறைவான இடத்திலுள்ளது. ஆகையால் சித்திரையின் முற்பகுதி தொடங்கி ஆவணியின் முற்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கே நகர்ந்துவிட, கோபுரத்தின் தென்முகம் பகலில் நிழலில் கிடக்கும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பதால் சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றும் ஒளி பெற்று விளங்கும். 180 டிகிரி பார்க்கும் மீன்விழிக்கு, சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருந்தாலொழிய, அது படத்துக்குள் வந்தே தீரும். பிதுங்கிய முகப்புக் கண்ணாடியில் ஒரு விரல் ரேகையோ சந்தனத் துளியோ இருந்துவிட்டால் படம் முழுவதும் ஒளிப்புள்ளிகள் சிதறும். கோவிலுக்குப் போகிறவன் சட்டைப் பையில் நல்ல மெல்லிய துணி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

உள்ளே செல்லச் செல்ல இந்த நகரத்தின் அமைப்பு மனத்தில் பதிகிறது. ஏழு பிராகாரங்கள், 21 கோபுரங்கள், ஒன்றுக்குள் ஒன்றாகச் செல்லும் சதுர மதில்கள், வெளிப் பிராகாரங்களில் அடையவளைந்தான் வீதி, சித்திரை வீதி, உத்திர வீதி என்று மக்கள் குடியிருந்து சமைத்து, கோலமிட்டு, வயோதிகமடைந்து வாழும் தெருக்கள். நேர்கோடுதான் இவ்வூரின் லட்சணம். தேர் திரும்பும் மூலைகள் செங்கோணமாக இருப்பதும், தெருவின் ஒரு முனையில் நிற்பவனுக்கு மறு முனை தெரிவதும் இந்த ஒழுங்கினால்தான். சித்திரை வீதியில் 14 மில்லிமீட்டரை வைத்து எடுத்த படத்தில் அந்த ஒழுங்கு அப்படியே இருந்தது. மதிலின் விளிம்பும் வீட்டுத் தாழ்வாரங்களும் கயிறு பிடித்தாற்போல் ஒரே புள்ளியை நோக்கி ஓடின.

ஆனால் நேர்கோட்டு லென்ஸ் கேட்கும் விலையையும் அதே தெருவில் கண்டோம். வாசலில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளை, அவரிடம் கேட்டுக்கொண்டு, படத்தின் ஓரத்தில் வைத்து எடுத்தான் மருமகன். நடுவிலிருந்து 52 டிகிரி விலகிய அந்த ஓரத்தில் உருண்டையான எந்தப் பொருளும் ஒன்றுக்கு ஒன்றரை மடங்குக்கும் மேலாக அகன்று நீண்டுவிடும். அவருடைய மெலிந்த முகம் அடையாளம் தெரியாமல் பரந்துபோயிற்று. மீன்விழியில் அதே இடத்தில் வைத்தபோது தெரு வில்லாக வளைந்தது, முகம் முகமாகவே இருந்தது. கல்யாணப் படங்களில் ஓரத்தில் நிற்கும் அத்தையும் சித்தப்பாவும் தங்கள் உடம்பைப் பார்த்து வருத்தப்படுவதற்குக் காரணம் இதுவே. அகன்ற லென்ஸைக் கையில் வைத்திருக்கும்போது மனிதர்களை நடுப்பகுதிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஓரங்களைக் கல்லுக்கும் சுவருக்கும் விட்டுவிட வேண்டும். இது எனக்கு அழகுணர்ச்சியைச் சேர்ந்த விஷயமாக மட்டும் தோன்றவில்லை. படத்துக்குச் சம்மதித்து நம் முன் உட்கார்ந்த ஒருவருடைய உருவத்தை விகாரப்படுத்தாமல் திருப்பித் தருவது படக்காரனுடைய கடமை.

கோவிலுக்குள் எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்பதை அன்றன்று அலுவலகத்தில் விசாரித்து அறிந்துகொண்டு அதற்குக் கட்டுப்படுவதே முறை. சந்நிதியைப் படம் பிடிக்கும் பேச்சே இல்லை. அனுமதியுள்ள மண்டபங்களிலும் முக்காலியை விரித்து யாத்திரிகர் வழியை அடைப்பது தகாது. இங்கேதான் அகன்ற லென்ஸின் வேறொரு குணம் உதவிக்கு வருகிறது. 14 மில்லிமீட்டரை எஃப் 8-இல் வைத்து, 80 சென்டிமீட்டர் தூரத்துக்குச் சற்று அப்பால் குவித்துவிட்டால், முழங்கை நீளத்திலிருக்கும் தூண் முதல் தொலைவிலுள்ள சுவர்வரை யாவும் தெளிவாகப் பதியும். கையின் சிறு நடுக்கமும் நீண்ட லென்ஸில் தெரிவதுபோல இதில் தெரியாது.

சேஷராயர் மண்டபத்தின் முன் வரிசையிலே, முன்கால்களைத் தூக்கி எழும் குதிரைகளின்மேல் வீரர்கள் அமர்ந்திருக்கும் தூண்களைக் கண்டதும், நெருங்கிப் போய் மீன்விழியால் எடுக்க வேண்டுமென்ற ஆவல் மருமகனுக்கு அடங்கவில்லை. எடுத்தான். குதிரையின் குளம்பு யானைக் காலளவு பெருத்து, வீரனின் தலை எலுமிச்சங்காயளவு சுருங்கி வந்தது. லென்ஸை இதற்குக் குற்றம் சொல்வதற்கில்லை. அருகிலிருப்பது பெரிதாகவும் தூரத்திலிருப்பது சிறிதாகவும் தெரிவது நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்த விஷயம். அகன்ற லென்ஸ் நம்மை நெருங்கி நிற்கத் தூண்டுகிறது, அவ்வளவுதான். அந்தச் சிற்பங்களின் பிரமாணம் கெடாமல் வேண்டுமானால், இரண்டு லென்ஸ்களையும் பைக்குள் வைத்துவிட்டு, 50-ஓ 85-ஓ மில்லிமீட்டரை மாட்டிக்கொண்டு எதிர்ப்புறம் போய் நிற்பதே வழி. 953 தூண்கள் என்று எண்ணிச் சொல்லப்படும் ஆயிரங்கால் மண்டபம் அதற்கு நேர்மாறு. அங்கே ஒரு தூண் முக்கியமல்ல; வரிசை முக்கியம். வரிசையின் நடுவில் நின்று எடுத்த 14 மில்லிமீட்டர்ப் படம், இந்த யாத்திரையில் அவன் எடுத்தவற்றுள் மிகச் சிறந்ததென்று எனக்குப் பட்டது. ஓரத்துத் தூண்கள் சற்றே தடித்துத் தோன்றின. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சித்திரக்காரர்களே தூண் வரிசைகளை வரையும்போது இந்தச் சிக்கலில் அகப்பட்டு யோசித்திருக்கிறார்கள்.

வேணுகோபாலன் சந்நிதிப் பக்கத்து மேல்தளத்துக்கு ஏற இடம் கிடைக்கும் நாளில், சுற்றிலும் கோபுரங்கள் வரிசையாக நிற்க, நடுவே பொன் வேய்ந்த விமானம் ஒளிர்வதைக் காணலாம். வெளியிலிருந்து உள்ளே போகப் போகக் கோபுரங்கள் உயரத்தில் குறைவது இக்கோவிலின் இயல்பு. அகன்ற லென்ஸ் அருகிலுள்ளதையும் தொலைவிலுள்ளதையும் ஒரே சட்டத்தில் அடக்கிவிடுவதால், அருகிலுள்ள சிறிய கோபுரம் பெரிதாகவும் தொலைவிலுள்ள ராஜகோபுரம் சிறிதாகவும் மாறி, ஊரின் கிரமமே தலைகீழாகிவிடும் அபாயம் இங்கே உண்டு. அடிவானத்தை நடுவில் வைத்து எடுத்த மீன்விழிப் படத்தில் அடிவானம் நேராகவே வந்தாலும், இரு ஓரத்துக் கோபுரங்களும் அடைப்புக்குறிகளைப் போல உள்நோக்கி வளைந்தன. பல படங்களைத் தொடராக எடுத்துக் கணினியில் ஒட்டிவிடலாமே என்று கேட்கலாம். ஒட்டிய படத்தையும் நேர்கோடாக விரிப்பதா, வளைத்து விரிப்பதா என்று அந்தக் கணினியே நம்மைக் கேட்கும். கேள்வி இடம் மாறுகிறதேயன்றித் தீர்வதில்லை.

ஒட்டுவது புதிய வித்தையும் அல்ல. சென்னை ராஜதானி சர்க்காரின் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற காப்டன் லின்னேயஸ் டிரைப், 1857-இன் இறுதியில் தொடங்கிய பிரயாணத்தில் ஸ்ரீரங்கத்தையும் திருச்சிராப்பள்ளியையும் மெழுகு பூசிய காகித நெகடிவ்களில் படம் பிடித்தார். 12-க்கு 15 அங்குல அளவுள்ள அந்த நெகடிவ்களுக்குத் தகுந்த காமிராவை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு திரிந்த காலம் அது. ராஜகோபுரம் அன்று வெறும் அடித்தளம். தஞ்சைப் பெரிய கோவிலின் அடிப்பீடத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் பதிவு செய்ய வேண்டி வந்தபோது, எந்த லென்ஸாலும் அந்த நீளத்தை அடக்க முடியாதாகையால், கோவிலைச் சுற்றி வந்து பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். பீடத்துக்கு எதிரே ஒவ்வொரு முறையும் நேராக வந்து நின்றதனால்தான் அது சாத்தியமாயிற்று. அந்தப் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரிடம் மிகுந்த மரியாதை உண்டாகிறது.

மீன்விழிக்குத் தன் சொந்த இடம் கிடைத்தது சந்திர புஷ்கரிணியில். அது வட்டமான திருக்குளம். நேர்கோட்டு லென்ஸில் கரையோரத்திலிருந்து எடுத்தால், கிட்டத்துப் படிகள் இழுபட்டு, குளம் நீண்ட முட்டை வடிவமாகிவிடுகிறது. மீன்விழியிலோ படிகளின் வளைவும் லென்ஸின் வளைவும் ஒன்றாகிப் போய், எது கல்லின் வளைவு, எது கண்ணாடியின் வளைவு என்று பிரித்தறிய முடியாதபடி படம் அமைந்தது. ஒரு மண்டபத்தின் தரையில் வைத்து விதானத்தை நோக்கித் திருப்பியபோதும் அப்படியே: நாற்புறத்துத் தூண்களும் நடுவை நோக்கி எழுந்து, மண்டபம் முழுவதும் ஒரு சக்கரமாயிற்று. நடுவைக் கடக்கும் கோடுகள் வளையாமையால் தூண்கள் அனைத்தும் நேராகவே நின்றன என்பது கவனிக்கத்தக்கது. ராபின் ஹில் மேகங்களை எடுத்ததும் இதே முறையில்தான். காட்டு மரங்களின் கிளைச் செறிவை அளக்கும் தாவரவியலாரும் இன்றுவரை இதே முறையில்தான் மீன்விழியை மேல்நோக்கி வைக்கிறார்கள்.

திருவானைக்காவின் நீண்ட பிராகாரங்களில் நேர்கோட்டு லென்ஸுக்கே வெற்றி; அதைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்லணைக்கும் போயிருந்தோம். 1,079 அடி நீளமுள்ள அந்த அணை, 14 மில்லிமீட்டரில் ஒரு மெல்லிய கோடாகத் தேய்ந்து, வானமும் நீருமே மிஞ்சின. நீளமானதெல்லாம் அகன்ற லென்ஸுக்கு உரியதென்ற எண்ணம் பலருக்கு உண்டு. அருகில் போய் நிற்கக்கூடிய பொருளுக்கே அது உரியது.

திருச்சிக்குத் திரும்பி, மாலையில் மலைக்கோட்டை ஏறினோம். தாயுமானவர் சந்நிதியைக் கடந்து உச்சிப் பிள்ளையாரை நோக்கிச் செல்லும் வழியில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த லலிதாங்குர பல்லவேச்வர கிருகம் என்ற குகைக் கோவில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் குகையின் மேற்குச் சுவரில் கங்காதர மூர்த்தி, விரித்த சடையில் கங்கையை ஏற்கும் கோலத்தில், பக்தர்கள் புடைசூழ நிற்கிறார். எதிர்ச் சுவரில் கருவறை. இரண்டுக்கும் நடுவே அதிக இடமில்லை. நேர்கோட்டு லென்ஸின் உண்மையான மகிமையை மருமகன் உணர்ந்துகொண்டது இங்கே. ஓரங்களை இழுத்து அகலமாக்கும் அதன் குணம், ஆழமுள்ள உருண்டைப் பொருள்களிடத்திலேயே தோன்றும்; காமிராவுக்கு முற்றிலும் இணையாக உள்ள தட்டையான பரப்பை, 114 டிகிரியில்கூட, அது ஓர் அணுவளவும் கோணலாக்குவதில்லை. சுவரில் எழுந்த புடைப்புச் சிற்பம் ஏறக்குறைய அத்தகைய பரப்புத்தான். ஆகையால் காமிராவின் நீர்மட்டக் குமிழியைப் பார்த்து, இடமும் வலமும் ஒரே தூரமாக நின்று, அவன் எடுத்த படத்தில் கங்காதரரும் சுற்றியுள்ள அடியார்களும் தத்தம் பிரமாணத்தில் நின்றார்கள். மீன்விழியில் அந்தச் சுவரே ஒரு குடமாயிற்று.

உச்சியில், ஏறக்குறைய 83 மீட்டர் உயரத்தில் காற்று வீச, வடக்கே காவிரியும் அதற்கப்பால் தோப்புகளுக்கு நடுவே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களும் தெரிந்தன. 1792-இல் இவ்வழியாக வந்த தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் இந்தப் பாறையைக் காவிரியிலிருந்து பார்த்து வரைந்த சித்திரம் பிரசித்தமானது. பாறைக்கு அதன் கம்பீரத்தைத் தந்தது அவர்கள் எடுத்துக்கொண்ட தூரம். நாங்களும் உச்சியிலிருந்து ராஜகோபுரத்தை 14 மில்லிமீட்டரில் எடுத்துப் பார்த்தோம். அரிசி முனையளவு வந்தது. 85 மில்லிமீட்டரை மாட்டச் சொன்னேன்.

இரவு அவனுடைய ஸ்டூடியோவில் உட்கார்ந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வாங்கும் விஷயத்துக்கு வந்தோம். அவனிடமுள்ள இரண்டு காமிராக்களில் ஒன்று முழுச்சட்டம், மற்றது அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி வகை. சிறிய சென்ஸாரில் கோணம் ஒன்றரைப் பங்கு குறுகிவிடுவதால், 14 மில்லிமீட்டர் அதில் 21 போலவே பார்க்கும். அந்தக் காமிராவில் இதே விசாலம் வேண்டுமானால் ஒன்பது, பத்து மில்லிமீட்டருக்கு இறங்க வேண்டும். இதை யோசிக்காமல் எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் அநேகர். "மீன்விழியில எடுத்துட்டுக் கம்ப்யூட்டர்ல நேராக்கிக்கலாம்ல மாமா?" என்று கேட்டான். நேராக்கலாம், ஆனால் மென்பொருள் மூலைகளைப் பிடித்து இழுக்கும்போது அங்கே தெளிவு குன்றும், விளிம்பில் கணிசமான பகுதி வெட்டுப்படும். அவசரத்துக்கு உதவுமேயன்றி, கோவிலுக்குக் கோவில் அதையே நம்பியிருக்க முடியாது.

பழைய லென்ஸ் வாங்குவதானால் பார்க்க வேண்டியவற்றையும் சொன்னேன். பிதுங்கிய முகப்பில் கீறல் இருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே சிலந்தி நூல்போல் பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா என்று பின்புறத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஆற்றங்கரை ஈரமுள்ள ஊரில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவிலேயே லென்ஸ் குடியிருக்க வேண்டும். செங்கற்சுவர் ஒன்றின் எதிரே இணையாக நிறுத்தி, துவாரத்தை முழுதும் திறந்து ஒரு படம் எடுத்து, நான்கு மூலைகளையும் ஒப்பிட வேண்டும். மூன்று மூலை தெளிந்து ஒரு மூலை கலங்கியிருந்தால் உள்ளேயுள்ள கண்ணாடி ஏதோ அச்சு விலகியிருக்கிறது. விலை எவ்வளவு குறைவானாலும் அதை விட்டுவிட வேண்டும். நீல வானத்துக்காக போலரைஸர் ஃபில்டர் மாட்ட முடியவில்லையே என்று வருந்தவும் வேண்டாம். இவ்வளவு அகன்ற கோணத்தில் வானத்தின் ஒரு பாதி கறுத்தும் மறுபாதி வெளுத்தும் போய், அது நன்மையைவிடக் கெடுதலே செய்யும்.

நேர்கோட்டு லென்ஸையே வாங்குவது என்று முடிவாயிற்று. அவன் எடுக்க விரும்புவது மதிலும் மண்டபமும் கோபுரமும் குகைச் சிற்பமும் ஆனதால் அதில் சந்தேகத்துக்கு இடமிருக்கவில்லை. 14-24-ஐப் புதிதாக வாங்கப் பணம் போதாது. நல்ல நிலையிலுள்ள பழையது ஒன்றை மேற்சொன்ன பரீட்சைகளோடு தேடுவான். மீன்விழியை வாங்காவிட்டாலும், சித்திரைத் தேரன்று, வடம் பிடிக்கும் கூட்டத்துக்கு நடுவே, ஒருவர் முகமும் சிதையாமல் தேரையும் வீதியையும் வானத்தையும் ஒருங்கே எடுக்க அதைப்போல் உதவும் கருவி வேறில்லை என்பதில் இருவரும் ஒத்துப்போனோம். தேருக்கு முந்திய நாளே போய் அதை வாடகைக்குச் சொல்லிவைக்க வேண்டும், ஏனெனில் அந்த வாரத்தில் திருச்சியிலுள்ள படக்காரர்கள் எல்லோரும் அதையே கேட்டு வருவார்கள் என்றான்.